நைலுக்கு ஒரே மன்னன், யூப்ரடீஸுக்கு ஊருக்கொரு மன்னன்: இது ஆற்றின் வேலையா?

படுகைவாசி:

எகிப்து பற்றிய இழையில் ஒருவர் போகிறபோக்கில் எழுதியிருந்தார்: "எகிப்து, சுமேரியா, சிந்து, சீனா, எல்லாம் ஆற்றங்கரை, எல்லாம் ஒரே கதை." அங்கே பதில் சொன்னால் பேச்சு திசைமாறும் என்பதால் தனியாகத் திறக்கிறேன். கதை ஒன்றல்ல; அதற்குக் காரணம் ஆறுகளின் குணம். இதுதான் என் கட்சி. ஆறு எந்த மாதம் பெருகுகிறது என்று தெரிந்தால், அந்த நாட்டில் ஆட்சி எப்படி இருந்திருக்கும் என்று பாதி சொல்லிவிடலாம்.

நைலைப் பாருங்கள். எத்தியோப்பிய மலைகளில் கோடை மழை கொட்டி, நீல நைல், அத்பாரா என்ற துணையாறுகள் நிறைந்து, ஜூன் கடைசியில் அஸ்வானில் தண்ணீர் ஏறத் தொடங்கும். ஆகஸ்ட், செப்டம்பரில் உச்சம். அக்டோபர், நவம்பரில் வடிந்துவிடும். வடிந்த வண்டலில் விதைத்தால் மார்ச், ஏப்ரலில் அறுவடை. அடுத்த வெள்ளம் வரும்போது வயல் காலியாகக் காத்திருக்கும்.

யூப்ரடீஸும் டைக்ரிஸும் நேர் எதிர். துருக்கி மலைப் பனி உருகி வெள்ளம் இறங்குவது ஏப்ரல், மே மாதங்களில். தெற்கு இராக்கில் பார்லி முற்றி நிற்கும் நேரம் அது. விதைக்கத் தண்ணீர் வேண்டிய இலையுதிர் காலத்திலோ ஆறு மெலிந்து கிடக்கும். வேண்டாதபோது தடுக்க வேண்டும், வேண்டியபோது இழுக்க வேண்டும். கரை, மதகு, வாய்க்கால், தூர்வாருதல் என்று வருஷம் முழுக்க வேலை.

விளைவு? கி.மு. 3100 வாக்கிலேயே எகிப்து ஒரே அரசு. இரண்டு பக்கமும் பாலைவனம், தெற்கே அஸ்வானில் படகைத் தடுக்கும் பாறை நிறைந்த நீர்வீழ்ச்சி, வடக்கே கடல். நீரோட்டம் வடக்கே இழுக்கும். காற்று பெரும்பாலும் தெற்கு நோக்கி வீசும். படகின் பாயை இறக்கினால் வடக்கே மெம்ஃபிஸ், ஏற்றினால் தெற்கே தீப்ஸ். ஆணையும் வரித் தானியமும் படையும் அந்த ஒரே வழியில் போய்வந்தன. தெற்கு இராக்கான சுமேரியாவில் ஆறு கிளைபிரிந்து, தடம் மாறி, சமவெளியெங்கும் அலைந்தது. ஆகவே ஊருக், 'ஊர்' (அந்த நகரத்தின் பெயரே அதுதான்), லகாஷ், உம்மா என்று நகரத்துக்கு ஒரு தெய்வம், ஒரு தலைவன், ஒரு மதில்.

மறுப்பவர்கள் வரலாம்.

கடைமடையான்:

தம்பி, வெள்ளக் கணக்கு வரை உங்களோடு வருகிறேன். அங்கிருந்து மன்னனுக்குத் தாவுகிற இடத்தில்தான் கரை உடைகிறது.

நான் பாசன வேலையில் இருந்து ஓய்வு பெற்றவன். எகிப்தியர் செய்த பாசனத்தை அந்தக் கண்ணோடு பாருங்கள். ஆற்றோரச் சமவெளியைக் குறுக்குக் கரைகள் போட்டுப் பெரிய பெரிய பாத்திகளாகப் பிரித்துவைத்தார்கள். வெள்ளம் ஏறும்போது கரையில் வாய் வெட்டி உள்ளே விட வேண்டும். ஏறத்தாழ ஒன்றரை மாதம் நிற்கவிட்டு வண்டல் படியவைக்க வேண்டும். அப்புறம் அடுத்த பாத்திக்கோ ஆற்றுக்கோ வடியவிட்டு விதைக்க வேண்டும். இதற்கு வேண்டியது மண்வெட்டி, ஆள், பக்கத்து ஊர்க்காரனோடு ஒரு பேச்சு. தலைநகரம் எதற்கு? புவியியல் அறிஞர் கார்ல் புட்சர் 1976-இல் இதைத்தான் விரிவாக எழுதினார்: பழைய எகிப்தில் பாசனம் அந்தந்த வட்டாரத்தின் கையில் இருந்தது.

அரசு செய்தது வேறு. வெள்ளத்தின் உயரத்தை அளந்தது. அரசர்களின் ஆண்டுக் குறிப்புகள் பொறித்த, ஐந்தாம் வம்சக் காலத்துப் பலேர்மோ கல்லில் வருஷாவருஷம் தண்ணீர் எத்தனை முழம், எத்தனை விரல்கடை ஏறியது என்று பொறித்து வைத்திருக்கிறார்கள். ஏன் அளந்தார்கள்? எவ்வளவு நிலம் நனைந்தது என்று தெரிந்தால் எவ்வளவு வசூலிக்கலாம் என்று தெரியும். அரசு தண்ணீர் பாய்ச்சவில்லை, பாய்ந்த தண்ணீருக்குக் கணக்குப் பார்த்தது.

பெரிய பாசனம் வந்தால் அதை நடத்த அதிகாரிகள் வருவார்கள், அதிகாரிகள் வந்தால் சர்வாதிகாரம் வரும் என்று 1957-இல் வரலாற்று அறிஞர் கார்ல் விட்ஃபோகல் சொன்னதைத்தான் நீங்கள் மாதக் கணக்கோடு திருப்பிச் சொல்கிறீர்கள். தொல்லியலாளர் ராபர்ட் ஆடம்ஸ் இராக் சமவெளியில் பழைய ஊர்களையும் வாய்க்கால் தடங்களையும் நடந்து கணக்கெடுத்தபோது தெரிந்தது என்ன? தொடக்க கால வாய்க்கால்கள் சின்னவை, ஆற்றுக் கிளைகளை ஒட்டியவை. பெரிய வாய்க்கால்கள் நகரமும் அரசும் வந்த பிறகு வெட்டப்பட்டவை.

செங்கல்சூளை:

இருவரும் மன்னனை வைத்தே மல்லுக்கட்டுகிறீர்கள். மன்னனே தென்படாத இடத்தை என்ன செய்யப் போகிறீர்கள்?

சிந்துவின் வெள்ளம் எப்போது? பனிநீரும் பருவமழையும் சேர்ந்து ஜூலை, ஆகஸ்டில் உச்சம். வடிந்த பிறகு அக்டோபர், நவம்பரில் கோதுமை, பார்லி விதைப்பு. மார்ச், ஏப்ரலில் அறுவடை. படுகைவாசியின் கணக்குப்படி இது அப்படியே நைல். அப்படியென்றால் மொகஞ்சதாரோவில் ஒரு பாரோ உட்கார்ந்திருக்க வேண்டும். 1920-களில் இருந்து தோண்டுகிறார்கள். உறுதியாகக் காட்டும்படி ஓர் அரண்மனை இல்லை, அரச கல்லறை இல்லை, வென்றவன் தோற்றவன் தலையில் கால் வைத்து நிற்கும் சிற்பம் ஒன்றுகூட இல்லை. எழுத்தைப் படிக்க முடியாததால் முடிவாகச் சொல்ல முடியாதுதான். ஆனால் எகிப்தில் எழுத்தைப் படிக்கும் முன்பே பிரமிடு கண்ணில் பட்டது.

மன்னனுக்குப் பதிலாக என்ன இருந்தது? கிணறு. மொகஞ்சதாரோவில் மட்டும் சுமார் 700 கிணறுகள் இருந்திருக்கும் என்று மதிப்பிட்டிருக்கிறார்கள். ஒரு முனை குறுகிய ஆப்பு வடிவச் செங்கலைத் தனியாகச் சுட்டு, வட்டமாக அடுக்கிக் கட்டியவை. சுற்றியுள்ள மண் வெளியிலிருந்து எவ்வளவு அழுத்தினாலும் செங்கல் ஒன்றையொன்று நெருக்கி இறுகுமே தவிர உள்ளே சரியாது. தெரு மட்டம் உயர உயர, கிணற்றுச் சுவரையும் உயர்த்திக்கொண்டே போயிருக்கிறார்கள். அதனால் இன்று சுற்றிலும் மண்ணைத் தோண்டி எடுத்த இடங்களில் கிணறுகள் புகைபோக்கி மாதிரி ஒற்றையாக நிற்கின்றன. பெரிய ஆற்றின் பக்கத்தில் குடியிருந்துகொண்டு குடிநீருக்கு ஆற்றை நம்பாதவர்கள்.

தோலாவிராவோ இன்னும் ஒரு படி மேலே. கட்ச் ரண் என்ற உப்புச் சதுப்பின் நடுவே காதிர் தீவில், மழைக்காலத்தில் மட்டும் ஓடும் மன்சர், மன்ஹர் என்ற இரண்டு ஓடைகளை மறித்து, பாறையைக் குடைந்து நீர்த்தேக்கங்கள் கட்டி ஒரு நகரமே நடத்தினார்கள். இதையும் "ஆற்றங்கரை நாகரிகம்" என்ற பெட்டிக்குள் போட்டு மூடிவிட்டோம்.

திசைமானி:

சிந்து என்று சொல்வதே தப்பு. ஊர்களில் பெரும்பகுதி இருப்பது சிந்துவுக்குக் கிழக்கே கக்கர்–ஹக்ரா பள்ளத்தாக்கில். இமயமலையிலிருந்து இறங்கிய மாபெரும் ஆறு அங்கே ஓடியது. அதுதான் அந்த நாகரிகத்தின் தாய். ஆறு வற்றியது, நாகரிகம் முடிந்தது. படுகைவாசி சொல்வதற்கு இதைவிடச் சாட்சி வேண்டுமா?

செங்கல்சூளை:

கக்கர் பக்கம் ஊர்கள் ஏராளம் என்பது உண்மை. காளிபங்கன், கன்வேரிவாலா எல்லாம் அங்கேதான். ஆனால் மாபெரும் ஆறு ஓடியபோது அவர்கள் அங்கே இருந்தார்களா என்பதல்லவா கேள்வி?

2017-இல் வந்த ஆய்வு, அந்தப் பள்ளத்தாக்கைத் துளையிட்டு எடுத்த மணலின் வயதையும் பிறப்பிடத்தையும் சோதித்தது. ஒரு காலத்தில் அங்கே ஓடியது சட்லெஜ். சுமார் 8,000 ஆண்டுகளுக்கு முன்பே அது இப்போதைய தடத்துக்குத் திரும்பிவிட்டது. நகரங்கள் செழித்தது கி.மு. 2600 முதல் 1900 வரை. நடுவே மூவாயிரம் ஆண்டுக்கு மேல் இடைவெளி. அதற்கு முன் 2012-இல் வந்த இன்னோர் ஆய்வும், அந்தக் காலத்தில் அங்கே ஓடியது பருவமழை ஆறுதான் என்று சொன்னது.

ஆக, பெரிய ஆறு விட்டுப்போன பள்ளத்தில்தான் குடியேறினார்கள். எனக்கு இது ஆச்சரியமே இல்லை. இமயமலை ஆறு கரை உடைத்தால் ஊர் மிஞ்சாது. அது போன பிறகு மிஞ்சியது அகலமான பள்ளம், நல்ல வண்டல், எட்டும் ஆழத்தில் நிலத்தடி நீர், மழைக்காலத்தில் மட்டும் வந்து போகும் மிதமான வெள்ளம். குடும்பம் குட்டியோடு இருப்பவன் எதைத் தேர்ந்தெடுப்பான்?

திசைமானி:

வசதியான ஆய்வை மட்டும் எடுத்துக் காட்டுகிறீர்கள். 2019-இல் வந்த ஆய்வு, சட்லெஜின் கிளை ஒன்று 9,000 முதல் 4,500 ஆண்டுகளுக்கு முன்பு வரை அங்கே வற்றாமல் ஓடியது என்கிறது. அதைச் சொல்ல மாட்டீர்களா?

செங்கல்சூளை:

தாராளமாகச் சொல்கிறேன். 4,500 ஆண்டுகளுக்கு முன்பு என்றால் கி.மு. 2500. நகரங்கள் நிமிர்ந்து நின்ற காலத்தின் பெரும்பகுதி அதற்குப் பிறகுதான் வருகிறது. நீங்கள் கொண்டுவந்த சாட்சியின்படியே, ஆறு மெலிந்த பின் பல நூறு ஆண்டுகள் அவர்கள் நன்றாகவே வாழ்ந்திருக்கிறார்கள். ஆறு வற்றியது, நாகரிகம் முடிந்தது என்ற ஒற்றை வரி எந்த ஆய்விலும் நிற்காது.

மட்டுறுத்துனர்:

அந்த ஆற்றுக்கு எந்தப் பெயர் வைப்பது என்ற சண்டையில் எழுதிய நான்கு பதிவுகளை நீக்கியிருக்கிறேன். அதற்கு ஏற்கெனவே தனி இழை இருக்கிறது. இங்கே தண்ணீரைப் பற்றி மட்டும் பேசுங்கள்.

படுகைவாசி:

செங்கல்சூளைக்கு முதலில் பதில். சிந்துவுக்கும் நைலுக்கும் வெள்ள மாதம் ஒன்று, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் புவியியல் என்பது மாதம் மட்டும் இல்லையே. 1970-இல் மானுடவியலாளர் ராபர்ட் கார்னெய்ரோ சொன்ன ஒரு கருத்து உண்டு: சுற்றிலும் வாழ முடியாத நிலம் இருந்தால், போரில் தோற்றவன் ஓட இடமில்லாமல் வென்றவனுக்குக் கட்டுப்படுவான், அரசு அங்கே பிறக்கும். நைல் பள்ளத்தாக்குக்கு இது அளவெடுத்துத் தைத்தது. சகாரா காய்ந்துகொண்டே வந்து மக்களை ஆற்றோரத்துக்குத் தள்ளிய காலத்தில்தான் அங்கே அரசு உருவானது. பச்சை வயலில் ஒரு காலும் பாலை மணலில் ஒரு காலும் வைத்து நிற்கலாம், அவ்வளவு கூர்மையான எல்லை.

சிந்துப் பக்கம் அப்படியா? பஞ்சாபில் ஐந்து ஆறு, கிழக்கே யமுனை வரை திறந்த நிலம், தெற்கே குஜராத். பிடிக்காதவன் மாட்டை ஓட்டிக்கொண்டு அடுத்த ஆற்றுக்குப் போகலாம். கி.மு. 2200-க்குப் பிறகு பருவமழை தளர்ந்தபோது அதைத்தான் செய்தார்கள். பெரிய நகரங்கள் மெல்லக் காலியாகி, கிழக்கிலும் குஜராத்திலும் சின்னச் சின்ன ஊர்கள் பெருகின. மழைக்காலப் பயிர்கள், சிறுதானியங்கள் கை கொடுத்தன. தப்பித்துப் போக வழி உள்ள இடத்தில் பாரோ எப்படி முளைப்பான்?

அடுத்து கடைமடையான் அண்ணன். அரசுக்குப் பாசனத்தில் வேலையில்லை என்கிறீர்கள். பாபிலோன் மன்னன் ஹமுராபி தன் அதிகாரி சின்-இதின்னத்துக்கு எழுதிய களிமண் கடிதம் இருக்கிறது: வாய்க்காலை ஒட்டி நிலம் வைத்திருப்பவர்களைக் கூப்பிடு, இந்த மாதத்துக்குள் தூர்வாரி முடிக்கச் சொல். ஒரு பேரரசன் ஒரு வாய்க்கால் தூருக்குக் கெடு வைக்கிறான் அண்ணே!

கடைமடையான்:

அந்தக் கடிதத்தில் நீங்கள் வேகமாகத் தாண்டிய பாதியில்தான் என் பதில் இருக்கிறது. தூர்வார வேண்டியது யார்? வாய்க்காலை ஒட்டி நிலம் வைத்திருப்பவர்கள். அரண்மனை ஆட்கள் இல்லை. மன்னன் செய்வது நினைவூட்டல். நம் ஊர்க் குடிமராமத்தில் ஏரிக்கு ஆள் அனுப்ப வேண்டியது ஆயக்கட்டுக்காரன்தானே, அதே முறை. அவனுடைய சட்டத்திலும் அப்படித்தான்: தன் கரையைக் கவனிக்காமல் விட்டு உடைப்பு ஏற்பட்டு அடுத்தவன் வயல் மூழ்கினால், அழிந்த தானியத்தை அவனே ஈடு செய்ய வேண்டும். முடியாவிட்டால் அவனையும் அவன் உடைமையையும் விற்று, பாதிக்கப்பட்டவர்கள் பங்கிட்டுக்கொள்ளலாம். கரை தனித்தனி ஆளின் பொறுப்பாக இருந்தால்தான் இப்படி ஒரு சட்டம் எழுத முடியும். மேலும் ஹமுராபி கி.மு. 18-ஆம் நூற்றாண்டு. ஊருக் நகரம் அதற்கு ஆயிரத்து ஐந்நூறு ஆண்டு மூத்தது. பேரனின் கடிதத்தைக் காட்டிப் பாட்டன் பிறந்த கதையைச் சொல்லாதீர்கள்.

சுமேரியாவில் மன்னனை வளர்த்தது தண்ணீர் வேலை இல்லை, தண்ணீர்ச் சண்டை. உம்மா மேல்மடை, லகாஷ் கீழ்மடை. நடுவே குஎதென்னா என்ற செழித்த வயல்வெளி. கிஷ் என்ற இன்னொரு நகரத்தின் மன்னன் மெசிலிம் பஞ்சாயத்துப் பண்ணி எல்லைக்கல் நட்டான். உம்மாக்காரர்கள் கல்லைப் பிடுங்கினார்கள். கி.மு. 2450 வாக்கில் லகாஷின் எஅன்னாதும் அடித்து நொறுக்கி, எதிரிகளின் தலைகளைக் கழுகுகள் கவ்விப் போவதுபோல் கல்லில் செதுக்கி வைத்தான். அது இன்று லூவர் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அத்தோடு முடிந்ததா? இல்லை. அவனுக்குப் பின் வந்த என்தெமெனா காலத்திலும் அதே வழக்கு. கடைசியில் டைக்ரிஸ் பக்கமிருந்து தனியாக வாய்க்கால் வெட்டினான். மேல்மடைக்காரன் தண்ணீரைத் திருப்பினால் கீழ்மடைக்காரனின் பாடு என்ன என்று காவிரிப் படுகையில் பிறந்த எனக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை.

புவியியலே இல்லை என்று நான் சொல்லவில்லை, கவனியுங்கள். அது எங்கே கடிக்கிறது என்று வேண்டுமானால் சொல்கிறேன்: உப்பு. பாக்தாத் கடல்மட்டத்திலிருந்து சுமார் 34 மீட்டர் உயரம்தான். கடலோ 500 கிலோமீட்டருக்கு மேல் தள்ளி இருக்கிறது. அந்தச் சரிவில் தண்ணீர் வடியாது. பாய்ச்சப் பாய்ச்ச நிலத்தடி நீர் ஏறும். வெயிலில் ஈரம் மேலே இழுக்கப்பட்டு ஆவியாகும். உப்பு மட்டும் வேர்மட்டத்தில் தங்கும். முதலில் வரப்போரம் வெள்ளையாகப் பூக்கும். அப்புறம் முளை திட்டுத்திட்டாகக் கருகும். நிலம் களராகிறது என்று உழவனுக்குத் தெரியும், ஆனால் அந்த வருஷ வரியும் தெரியும். தரிசு போட்டால் நிலம் தேறும். தரிசு போட வரிக்காரன் விட மாட்டான்.

யாகப்சனும் ஆடம்ஸும் 1958-இல் எழுதிய கணக்குப்படி, கி.மு. 3500 வாக்கில் தெற்கில் கோதுமையும் பார்லியும் ஏறக்குறையச் சமம், கி.மு. 2500 வாக்கில் கோதுமை ஆறில் ஒரு பங்கு, கி.மு. 1700-க்குள் கோதுமையே இல்லை. உப்பைத் தாங்குவது பார்லிதான். இந்தக் கணக்கைப் பின்னால் சிலர் கேள்வி கேட்டார்கள். எல்லாப் பழியையும் உப்பின் மேல் போட முடியாது என்றார்கள். சரி, இருக்கட்டும். மண்ணில் நடப்பது என்ன என்பதில் எனக்குச் சந்தேகமில்லை, என் கண்ணால் பார்த்த நிலங்கள் உண்டு.

படுகைவாசி:

அண்ணே, உப்பைப் பற்றி நீங்கள் எழுதியதைவிட என் கட்சிக்கு நல்ல வக்காலத்து நானே எழுதியிருக்க மாட்டேன். நைலில் இலையுதிர் காலத்தில் ஆற்று மட்டம் வயலுக்கு வெகு கீழே இறங்கும். உப்பையும் கழுவிக்கொண்டு போகும். அதனால்தான் ஐயாயிரம் ஆண்டு அதே வயலில் கோதுமை விளைந்தது. 1970-இல் அஸ்வான் உயர் அணை முடிந்து வெள்ளம் நின்ற பிறகுதான் பெரிய அளவில் வடிகால் குழாய் பதிக்க வேண்டிய நிலை வந்தது. ஒரே உழவன், ஒரே வரிக்காரன், ஆறு மட்டும் வேறு!

மீன்கொத்தி:

குறுக்கே வருகிறேன், மன்னிக்கவும். நான்கு பேரும் பார்லி, கோதுமையிலேயே நிற்கிறீர்கள். பெருவில் கரால் என்ற பழைய நகரம் இருக்கிறதே? சூப்பே பள்ளத்தாக்கு, ஆண்டீஸிலிருந்து இறங்கும் குட்டை ஆறு, கி.மு. 2600 வாக்கிலேயே பெரிய மேடைக் கோயில்கள், மண்பாண்டம் கிடையாது. அங்கே பாசனம் செய்து பயிரிட்டதில் முக்கியமானது பருத்தி. எதற்கு? மீன்வலைக்கு. கடலில் நெத்திலி. ஆறு வலை கொடுத்தது, கடல் சோறு போட்டது. அதேபோல் சீனா என்றாலே மஞ்சள் ஆறு என்கிறோம். யாங்சி கழிமுகத்தில் லியாங்சூ மக்கள் சுமார் 5,000 ஆண்டுகளுக்கு முன்பே 11 அணைகள் கட்டியிருக்கிறார்கள், நெல் விளைத்திருக்கிறார்கள். விட்ஃபோகலுக்கு ஆதரவா எதிர்ப்பா என்று நீங்களே தீர்த்துக்கொள்ளுங்கள்.

கடைமடையான்:

லியாங்சூவுக்குத் தனி இழை திறங்கள், வருகிறேன். அந்த அணைகளில் புல்லில் சுற்றிய மண் பொதிகளை அடுக்கியிருக்கிறார்கள், அது ஒன்றே ஒரு மாதம் பேசத் தகும்.

படுகைவாசித் தம்பிக்கு ஒரு கேள்வி. நைல் ஒன்று, அதனால் மன்னன் ஒன்று என்றீர்கள். கி.மு. 2180 வாக்கிலிருந்து நூறு ஆண்டுக்கும் மேல் எகிப்தில் ஒரே மன்னன் இல்லை. வடக்கே ஹெராக்லியோபொலிஸ், தெற்கே தீப்ஸ், நடுவே ஆளாளுக்கு ஒரு வட்டாரம். இப்படி மூன்று முறை உடைந்திருக்கிறது. அந்தக் காலங்களில் நைல் வேறு திசையில் ஓடியதா? காற்று கிழக்கே வீசியதா?

படுகைவாசி:

உடைந்ததைச் சொன்னீர்கள், ஒட்டியதைச் சொல்லவில்லை. முதலில் எகிப்தை ஒன்றாக்கிய நார்மர் தெற்கிலிருந்து வந்தான். கி.மு. 2050 வாக்கில் மீண்டும் சேர்த்த இரண்டாம் மென்துஹோதெப் தீப்ஸ்காரன். கி.மு. 1550 வாக்கில், வடக்கை ஆண்ட ஹிக்சோஸ் என்ற அந்நியரை விரட்டிய அஹ்மோஸும் தீப்ஸ்காரன். அதற்கும் பின்னால் பியே எகிப்துக்குத் தெற்கே உள்ள நூபியாவிலிருந்து இறங்கினான். நான்கு முறையும் தெற்கிலிருந்து வடக்கே. படை நீரோட்டத்தோடு இறங்குகிறது. பள்ளத்தாக்கு குறுகல், பக்கவாட்டில் தப்பிக்க வழியில்லை. வடக்கே கழிமுகமோ பல கிளை, சதுப்பு, ஒருவரும் ஒருவருக்கும் அடங்காத ஊர்கள். சுமேரியாவை அக்காத் மன்னன் சார்கோன் சேர்த்தான், உடைந்தது. 'ஊர்' நகரத்து மன்னர்கள் சேர்த்தார்கள், உடைந்தது. ஒவ்வொரு முறையும் வேறு திசை, வேறு மையம். எகிப்து உடைந்தாலும் அதே தடத்தில் ஒட்டுகிறது.

கடைமடையான்:

ஐந்தாவது முறையை விட்டுவிட்டீர்களே. முதலாம் சாம்திக். கழிமுகத்துச் சாயிஸ் ஊர்க்காரன். வடக்கிலிருந்து தெற்கைச் சேர்த்தான், அதுவும் கி.மு. 656-இல் தீப்ஸுக்குப் படை அனுப்பாமல், மகள் நிதோக்ரிஸை அனுப்பி. அமுன் கோயிலின் "தெய்வ மனைவி" என்ற பூசாரிப் பதவியில் இருந்தவள் அவளை வாரிசாகத் தத்து எடுக்கும்படி செய்தான். தெற்கு கைக்கு வந்தது.

படுகைவாசி:

சாயிஸிலிருந்து தீப்ஸுக்கு எதிர்நீரில் அவளுடைய கப்பல்களைத் தள்ளியது வடக்குக் காற்றுதானே அண்ணே?

கடைமடையான்:

அதைச் சொல்லும் கல்வெட்டு தீப்ஸின் கர்நாக் கோயிலில் கிடைத்திருக்கிறது, தேடிப் படியுங்கள். கப்பல் பயணம் வருகிறது, மறுக்கவில்லை. ஆனால் அப்புறம் ஒரு நீண்ட பட்டியல் வரும்: அவளுக்கு யார் யார் தினமும் எவ்வளவு ரொட்டி, பால், கீரை, மாதத்துக்கு எத்தனை மாடு, எத்தனை வாத்து தர வேண்டும் என்று. தீப்ஸ் நகரத் தலைவர் மோன்துஎம்ஹத் கொடுக்க வேண்டியதும் அதில் பெயரோடு இருக்கிறது. பேரம் பேசி முடித்துக் கல்லில் வெட்டியிருக்கிறார்கள் தம்பி. அந்தப் பட்டியலில் காற்றின் பங்கு எத்தனை ரொட்டி என்று பார்த்துச் சொல்லுங்கள்.